பதிவேடு கிழிந்தாலும் பயிர் அழிவதில்லை

ஆவணங்களின் அருமையை முல்லைத்தீவு மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், தண்ணீரூற்றையும் நீராவிப்பிட்டியையும் விட்டு நீங்கியபோது உடன் கொண்டுசெல்ல முடிந்தவை மிகச் சொற்பமே. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடற்கோள் கரையோரக் கிராமங்களை வாரிச் சென்றது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிவுற்றபோது தமிழ்க் குடும்பங்கள் உடுத்த உடையுடன் வெளியேறின. காணி உறுதியும், பிறப்பத்தாட்சிப் பத்திரமும், மாண்டோரினதும் காணாமற்போனோரினதும் புகைப்படங்களும் இவ்வாறே கைநழுவிப் போயின.

பின்னர் அலைந்து திரிந்து பெற்ற பிரதிகளும், வெளிநாட்டு உறவினர் அனுப்பிவைத்த பழைய படங்களும் இன்று பல வீடுகளில் கணினியின் வன்தட்டிலேயே இருக்கின்றன. அந்த வன்தட்டின் ஒரு பிரிவு, அதாவது பார்ட்டிஷன், தவறுதலாக நீக்கப்பட்டுவிட்டால் என்ன செய்வது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது அவசியமென நாம் கருதுகிறோம்.

இத்தவறு பெரும்பாலும் விண்டோஸை மீள நிறுவும்போதே நேர்கின்றது. பழைய இயங்குதளம் இருந்த பிரிவை நீக்க எண்ணியவர், படங்களும் பத்திரங்களும் இருந்த பிரிவைத் தெரிவுசெய்து நீக்கிவிடுகிறார். மறுகணமே அவ்விடம் 'ஒதுக்கப்படாத இடம்' எனத் திரையில் தோன்றுகின்றது. யாவும் தொலைந்தன என்ற பதற்றத்தில் கைக்கு வந்ததையெல்லாம் செய்து பார்ப்பதே உண்மையான இழப்புக்கு வழிவகுக்கின்றது.

உண்மையில் அங்கு நடந்தது யாது? வன்தட்டில் எந்தப் பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதைக் குறிக்கும் ஓர் அட்டவணை உண்டு. பழைய முறையில் அது தட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள், வெறும் 64 பைட்டுகளில் அடங்கிவிடும். பிரிவொன்றை நீக்கும்போது பொதுவாக அழிக்கப்படுவது இந்த அட்டவணைக் குறிப்பு மாத்திரமே. காணிப் பதிவேட்டில் ஒரு பக்கம் கிழிந்தமையால் வயலில் நின்ற நெல் மடிந்துவிடுவதில்லை. ஆனால், அது உரிமையற்ற நிலமெனக் கருதி வேறொருவர் உழுது விதைத்துவிட்டால் பழைய பயிரை எவராலும் மீட்க முடியாது. நீக்கப்பட்ட பிரிவின் நிலையும் இதுவே.

ஆகவே, முதல் விதி அந்தத் தட்டில் எதனையும் எழுதாதிருப்பதாகும். புதிய பிரிவை உருவாக்கவோ, போர்மட் செய்யவோ, மீட்பு மென்பொருளை அதே தட்டில் நிறுவவோ கூடாது. போர்மட் செய்யவா எனக் கணினி கேட்டால் மறுத்துவிட வேண்டும். கணினியை நிறுத்தி, தட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் இணைப்பதே பாதுகாப்பானது. திருத்துமிடத்தில் ஒப்படைப்பவர்கள், உள்ளே இருப்பவை மீட்கப்பட வேண்டியவை என்பதை முதலிலேயே தெளிவாகக் கூற வேண்டும்.

அடுத்து, அதே அளவோ அதனிலும் பெரியதோ ஆன மற்றொரு தட்டில் முழுத் தட்டையும் அப்படியே பிரதி எடுக்க வேண்டும். மீட்பு முயற்சி பிரதியிலேயே நடைபெற வேண்டும். இதற்கெனக் கட்டணமின்றிக் கிடைக்கும் மென்பொருள் டெஸ்ட்டிஸ்க். பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்தோப் கிரெனியர் உருவாக்கிய இது, தட்டை ஆராய்ந்து தொலைந்த பிரிவின் எல்லைகளைக் கண்டறிகின்றது. விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎப்எஸ் முறை, பிரிவின் முதற்பகுதியின் பிரதியொன்றைப் பிரிவின் இறுதியிலும் வைத்திருப்பதால் இத்தேடல் பெரும்பாலும் பயனளிக்கின்றது. கண்டறிந்த பிரிவிலுள்ள கோப்புகளைப் பட்டியலிட்டுப் பார்த்து, அவை தம்முடையவையே என உறுதிசெய்த பின்னரே அட்டவணையை எழுதுமாறு பணிக்க வேண்டும்.

அது கைகூடாவிடின், அதனுடன் கூடவே வரும் போட்டோரெக் என்ற மென்பொருள் கோப்புகளை அவற்றின் உள்ளமைப்பைக் கொண்டு ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கின்றது. ஆயினும், கோப்புகளின் பழைய பெயர்கள் பெரும்பாலும் திரும்பி வரமாட்டா. எது யாருடைய படம் எனப் பொறுமையுடன் பிரித்தறிய வேண்டியிருக்கும். மீட்டவற்றை வேறொரு தட்டிலேயே சேமிக்க வேண்டும்.

இம்முயற்சிக்கு எல்லைகளும் உண்டு. தட்டிலிருந்து 'டிக், டிக்' என்ற ஓசை எழுந்தால் அது இயந்திரப் பழுதாகும். மென்பொருளால் பயனில்லை, உடனே மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். புதிய கணினிகளிலுள்ள எஸ்எஸ்டி தட்டுகள், வெற்றிடமென அறிவிக்கப்பட்ட பகுதியைத் தாமாகவே துடைத்துவிடக்கூடியவை. அவற்றில் தாமதம் மேலும் ஆபத்தானது. ஒருமுறை மேலெழுதப்பட்டதை எந்த நிபுணராலும் மீட்டுத்தர இயலாது.

மீட்பைக் காட்டிலும் காப்பே மேலானது. ஒரே வீட்டில் இரு பிரதிகள் இருப்பது போதாது. வெள்ளமோ நெருப்போ வந்தால் இரண்டும் ஒன்றாகவே அழியும். ஒரு பிரதி வீட்டிலும், மற்றொன்று வேறூரிலோ வெளிநாட்டிலோ உள்ள உறவினரிடமும் இருக்கட்டும். எங்கோ ஒரு சகோதரியிடம் எஞ்சியிருந்த ஒரே படத்தினால்தான் பல குடும்பங்கள் தம் பிள்ளையின் முகத்தைத் திரும்பக் காண முடிந்தது. அன்று தற்செயலாக வாய்த்ததை இன்று திட்டமிட்டுச் செய்யும் வசதி நமக்கிருக்கிறது. அதனை நாளை என்று ஒத்திப்போடாதிருப்பதே அறிவுடைமையாகும்.