பிடி, எடை போடு, விட்டுவிடு

காவிரியின் ராட்சத மீனைக் காப்பாற்ற ஆற்றையே குத்தகைக்கு எடுத்தார்கள் தூண்டில்காரர்கள். கள்ள வேட்டை குறைந்தது, மீன் பெருகியது. ஆனால் பெருகியது வேறு மீன்.

தொண்ணூறுகளில் பீமேஸ்வரியில் காலைப் பொழுது இப்படித்தான் விடியும். பாறைகளுக்கிடையே சுழித்தோடும் காவிரியில் பரிசல் ஒன்று மெல்ல இறங்கும். அதில் பல்லாயிரம் மைல் கடந்து வந்த ஒரு வெள்ளைக்காரர், கையில் நீண்ட தூண்டில் கழி. எதிரே துடுப்போடு உள்ளூர்க்காரர் ஒருவர். மடியில் வேகவைத்துப் பிசைந்த ராகி உருண்டைகள். நாள் முழுக்கக் காத்திருந்து, நூல் விர்ரென்று இழுபட்டு, அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு கரைக்கு வரும் மீனின் எடை சில சமயம் ஒரு பள்ளிச் சிறுவனின் எடை இருக்கும். தராசில் தூக்கி, ஒரு புகைப்படம் எடுத்து, நீரோட்டத்துக்கு எதிராக முகம் வைத்துச் சிறிது நேரம் தாங்கிப் பிடிப்பார்கள். மூச்சு திரும்பியதும் மீன் வாலை ஒரு வீசு வீசிவிட்டு ஆழத்துக்குள் மறையும். குழம்புக்குப் போகாத அந்த மீனுக்காக வந்தவர் கொடுத்த கட்டணத்தில்தான் ஆற்றங்கரைக் காவலர்களுக்குச் சம்பளம்.

இந்த ஏற்பாடு காவிரிக்குப் புதிது, உலகத்துக்குப் பழையது. ஸ்காட்லாந்தின் சால்மன் ஆறுகளில் கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ வாடகைக்கு விடுவது வெகுகாலப் பழக்கம். பணம் கட்டியவருக்கு அந்தத் துண்டில், இறகும் நூலும் சேர்த்துக் கட்டிய பொய்ப்பூச்சியை வீசும் உரிமை. ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கக் கூடாது. 2016ல் வந்த விதிகளின்படி ஒவ்வோர் ஆறும் ஆண்டுதோறும் தரம் பிரிக்கப்படுகிறது. மிக மோசமான தரத்தில் இருக்கும் ஆற்றில் பிடிக்கும் சால்மனை விட்டே ஆக வேண்டும். கட்டாயம் இல்லாத இடங்களிலும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வாடகைக்கு எடுப்பது மீனையல்ல, மீனோடு கழிக்கும் பொழுதை.

அங்கே வழிகாட்டியாக உடன் வரும் ஆளுக்கு ‘கில்லி’ என்று பெயர். காவிரிக்கரையிலும் பரிசல் ஓட்டி, ராகி பிசைந்து, மீன் மறைந்திருக்கும் பாறையைக் காட்டியவர்களை அதே பெயரால்தான் அழைத்தார்கள். கிட்டிப்புள் ஆடிய ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கில்லி! அவர்களில் பலர் முன்பு இதே ஆற்றில் திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். மீனின் இருப்பிடம் தெரிந்தவன் திருடன்தான் என்றால், அவனையே காவலுக்கு வைப்பது புத்திசாலித்தனம் என்று கணக்குப் போட்டார்கள் சங்கத்தார்.

மீனின் பெயர் மஹ்சீர். கெண்டைக் குடும்பத்தின் பெரியண்ணன். கெண்டையைப் பெண்ணின் கண்ணுக்கு உவமை சொல்லிப் பழகிய தமிழ்ப் புலவர்களை, ஒரு கெண்டை 50 கிலோவைத் தாண்டும் என்ற செய்தி சற்றுத் திகைக்க வைத்திருக்கும். இந்தியாவில் தூண்டில் விளையாட்டும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததல்ல. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் பெயரில் வந்த ‘மானசோல்லாச’த்தில் மீன் வகைகள், இரை, தூண்டில் பற்றியெல்லாம் ஒரு பகுதியே இருக்கிறது. ஆனால் மஹ்சீரை உலகப் புகழுக்கு உயர்த்தியது ஆங்கிலேய அதிகாரிகள்தான். சென்னை மாகாண சிவில் அதிகாரி எச்.எஸ்.தாமஸ் 1873ல் வெளியிட்ட ‘தி ராட் இன் இந்தியா’ அவர்களுக்கு வேதப் புத்தகமாயிற்று. சால்மனை விடப் பலசாலி மஹ்சீர் என்று ஆங்கிலேயர் மெச்சத் தொடங்கினார்கள்.

அந்த மஹ்சீர்களிலும் ராஜா, காவிரிப் படுகையில் மட்டுமே வாழும் திமில் மஹ்சீர். தலைக்குப் பின்னால் உயர்ந்த முதுகு, செம்மஞ்சள் துடுப்புகள். 1946ல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் கபினியில் பிடித்த மீனின் எடை 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. விலங்குகளைப் பாடம் செய்வதில் உலகப் புகழ் பெற்ற குடும்பம் அது. தூண்டிலில் அகப்பட்ட மஹ்சீர்களில் இன்றளவும் பேசப்படும் சாதனை அதுவே.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த விளையாட்டு ஓய்ந்தது. ஆற்றில் மீன் பிடிக்க வெடி வந்தது. கல் குவாரிக்கு வாங்கிய வெடியை மடுவில் எறிந்தால் சில நொடிகளில் ஒரு தலைமுறை மீன் வயிறு மேலாக மிதக்கும். பெரிய மஹ்சீர் அழிந்துவிட்டது என்றே பலர் எண்ணியிருந்த வேளையில், 1977ல் ஆங்கிலேயர் மூவர் இந்திய ஆறுகளைத் தேடி வந்தார்கள். 1978ல் காவிரியில் அவர்களில் ஒருவருக்கு 92 பவுண்டு மீன் கிடைத்தது. தூண்டில் உலகம் மீண்டும் காவிரி பக்கம் திரும்பியது.

அதற்கு முன்பே, 1972ல், பெங்களூரில் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் பிறந்திருந்தது. காவிரியில் ஒரு நீளத்தை அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்து, காவலர்களை நியமித்தது. குடகில் அங்குள்ள வனவிலங்குச் சங்கம் வால்னூர் பக்கத்தை ஏற்றது. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பீமேஸ்வரி, தொட்டமாகளி, காலிபோரே ஆகிய இடங்களில் முகாம்களை நடத்தியது. விதி எல்லா இடத்திலும் ஒன்றுதான்: பிடி, எடை போடு, விட்டுவிடு. ஒவ்வொரு மீனும் முகாமின் பதிவேட்டில் ஏறியது. வலை, வெடி இரண்டும் குறைந்தன. கிராமத்து இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது. செத்த மீனை விட உயிருள்ள மீனுக்கு விலை அதிகம் என்பது ஊருக்குப் புரிந்தது.

சங்கத்தார் இன்னொன்றும் செய்தார்கள். காவல் போட்டால் மட்டும் போதாது, மீன் குஞ்சுகளையும் விட வேண்டும் என்று நினைத்தார்கள். மகாராஷ்டிரத்தின் லோனாவலாவில், வால்வன் ஏரிக்கரையில், டாடா மின் நிறுவனம் எழுபதுகளிலேயே மஹ்சீரைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யக் கற்றிருந்தது. இந்திய மீன்வள வரலாற்றில் அது பெருமைக்குரிய சாதனை. அங்கு உருவான குஞ்சுகள் பல மாநிலங்களுக்குப் போயின. காவிரிக்கும் வந்தன. ஆனால் அவை நீலத் துடுப்பு மஹ்சீர்கள். 1839ல் புனே பக்கத்து முலா-முட்டா ஆற்று மீனைக் கொண்டு விவரிக்கப்பட்ட இனம். மஹ்சீர் என்றால் மஹ்சீர்தானே என்று யாரும் கவலைப்படவில்லை.

விளைவு காலிபோரே முகாமின் பதிவேடுகளில் இருந்தது. 1998 முதல் 2012 வரையிலான கணக்கை ஆய்வாளர்கள் பின்னர் அலசினார்கள். சுமார் 23,600 மணி நேரத் தூண்டில் உழைப்பு, பிடித்து விடப்பட்ட மஹ்சீர் 6,161. மேலோட்டமாகப் பார்த்தால் கொண்டாட வேண்டிய கணக்கு. ஆண்டுக்கு ஆண்டு மீன்களின் எண்ணிக்கை கூடியது. சராசரி எடை குறைந்தது. அதாவது இளம் மீன்கள் ஏராளமாகச் சேர்ந்தன. ஆனால் துடுப்பின் நிறத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தபோது கதை மாறியது. பெருகியது அத்தனையும் நீலத் துடுப்பு. செம்மஞ்சள் துடுப்பு 1998ல் சில மீன்களுக்கு ஒன்றாவது வந்தது. 2012ல் இருநூறுக்கு ஒன்று தேறுவதே அபூர்வம். காவிரியின் ராஜா, வந்தேறிக் கூட்டத்தின் நடுவே சத்தமில்லாமல் காணாமல் போய்க்கொண்டிருந்தார். காப்பாற்ற வந்தவர்களின் கண் முன்னாலேயே!

பழியை முழுக்கக் குஞ்சு விட்டவர்கள் தலையில் கட்டுவதும் சரியல்ல. மழைக்காலப் புது வெள்ளத்தில் ஆற்றை எதிர்த்து ஏறி, கூழாங்கல் படுகையில் முட்டையிடும் மீன் இது. மெல்ல வளர்ந்து தாமதமாகவே இனப்பெருக்க வயதை எட்டும். 1902ல் சிவசமுத்திரத்தில் மின் நிலையம், 1934ல் மேட்டூர் அணை, பிறகு கபினி, ஹேரங்கி, ஹேமாவதி என்று படுகை முழுவதும் தடுப்புகள். மணல் அள்ளுதல், நகரக் கழிவு, வெடி ஆகியவை ஏற்கெனவே அதன் காலை வாரிவிட்டன. தடுமாறி நின்றவரின் வீட்டுக்குள் பலசாலி விருந்தாளியைக் குடிவைத்ததுதான் குஞ்சு விட்டவர்கள் செய்த பிழை.

பிழையை உணரும் நேரத்தில் இன்னொரு திருப்பம். காவிரி வனவிலங்குச் சரணாலயம் 1987ல் அறிவிக்கப்பட்டது. பீமேஸ்வரியும் காலிபோரேயும் அதன் எல்லைக்குள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பிடிப்பதும் வேட்டைதான். பிடித்த பின் விட்டுவிட்டால் வேட்டை இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது என்றது அதிகார வட்டாரம். மஹ்சீர் அன்று சட்டத்தின் பாதுகாப்பு அட்டவணையிலேயே இல்லை, ஆகவே அதை வேட்டையாக எண்ணக் கூடாது என்றார்கள் தூண்டில்காரர்கள். 2012ல் முகாம்களில் தூண்டில் நின்றது.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. தூண்டில் முள் மீனின் வாயில் குத்துகிறது, மல்லுக்கட்டில் மீன் களைக்கிறது. சரணாலயத்தில் மானைப் பிடித்து விளையாட அனுமதிக்காத அரசு, மீனுக்கு மட்டும் எப்படி அனுமதிக்கும்? மறுபக்கம், தூண்டிலோடு காவல்காரனும் போய்விட்டான். முகாமின் பரிசல் சுற்றாத மடுவில் வலையும் வெடியும் திரும்பி வருவதாக எழுந்த புகார்கள் ஓயவில்லை. வனத்துறையின் காவலர்கள் யானைக்கும் சந்தனத்துக்கும் ஓடுவார்களா, நீருக்குள் இருக்கும் மீனுக்கு ஓடுவார்களா? இன்னொரு நஷ்டமும் உண்டு. பதிவேடு மூடிவிட்டது. பிடித்து எண்ணியவர்கள் இருந்ததால்தான் ஒரு மீன் மறைவது தெரிந்தது. இப்போது மறைந்தாலும் கணக்கு வைக்க ஆளில்லை.

விசித்திரம் என்னவென்றால், உலகம் முழுக்கப் பேர்பெற்ற இந்த மீனுக்கு 2018 வரை அறிவியலில் உறுதியான பெயரே இருக்கவில்லை. பெயரில்லாத உயிரினத்தை அழியும் பட்டியலில் சேர்க்க முடியாது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற முதலில் அடையாளச் சீட்டு வேண்டும். சீட்டு கிடைத்த இடம் தமிழ்நாடு. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டி ஆழ்ந்த பள்ளத்தாக்கில் ஓடி, பவானிசாகரில் கலக்கும் மாயாற்றில் திமில் மஹ்சீர் எஞ்சியிருந்தது. அந்த மீன்களின் மரபணுவை ஆராய்ந்து 2018ல் முடிவு சொன்னார்கள். கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து 2007ல் ‘டார் ரெமாதேவி’ என்று பெயர் சூட்டப்பட்ட மீனும் இதுவும் ஒன்றே. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் சென்னைப் பிரிவில் பணியாற்றிய மீன் ஆய்வாளர் ரெமாதேவியைக் கௌரவித்து வைத்த பெயர் அது. பாம்பாறும் கடைசியில் அமராவதி வழியாகக் காவிரிக்கே வருகிறது.

பெயர் கிடைத்த அதே 2018ல் பட்டியலிலும் இடம் கிடைத்தது: ‘மிக மிக ஆபத்தான நிலை’. அதற்கடுத்த கட்டம் காட்டில் இல்லை என்பதுதான்.

இந்தியாவின் பிற ஆறுகளுக்கும் இதில் பாடம் உண்டு. காஷ்மீரின் ஓடைகளில் ட்ரவுட் மீனுக்கு அரசே கரையைத் துண்டு பிரித்து நாள் அனுமதி தருகிறது. உத்தரகண்டிலும் இமாசலத்திலும் பொன் மஹ்சீருக்காக வெளிநாட்டவர் வருகிறார்கள். வாடகைப் பணம் கிராமத்துக்கும் காவலுக்கும் போகும் வரை அது மீனுக்கு நல்லது. ஆனால் ஆற்றின் சொந்த மீன் எது என்று தெரியாமல் குஞ்சு விடுவது, நோய் தெரியாமல் மருந்து கொடுப்பதற்குச் சமம்.

பணமும் சட்டமும் இல்லாமல் மீனைக் காத்த இடங்களும் இதே நாட்டில் உண்டு. சிருங்கேரியில் துங்கைக்கரையிலும், காவிரிக்கரை ராமநாதபுராவிலும் கோயில் படித்துறையில் பொரி போடும் பக்தர்களின் காலடியில் மஹ்சீர்கள் அஞ்சாமல் புரள்கின்றன. சாமி மீன் என்ற ஒரே சொல்தான் அங்கே காவல். படித்துறைக்கு நூறு அடி தள்ளி அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

காவிரிப் பிரச்னை என்றால் இரு மாநிலங்களுக்கும் டி.எம்.சி. கணக்குதான் நினைவுக்கு வரும். பழைய தூண்டில் முகாம்கள் இருந்த பகுதிக்குச் சற்றுக் கீழே, மேகதாதுவில் 67 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்டக் கர்நாடகம் திட்டம் தீட்டியிருக்கிறது. தமிழ்நாடு எதிர்க்கிறது. அணை எழுந்தால் சரணாலயத்தின் ஒரு பகுதியும் மஹ்சீர் வாழ்ந்த மடுக்களும் நீர்த்தேக்கத்துக்குள் போகும். ஓடும் நீரில் வாழும் மீனுக்குத் தேங்கும் நீர் வீடல்ல.

அந்த வழக்கில் மீனுக்கு வக்கீல் இல்லை. மாயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆள் நடமாட்டம் இல்லாத காரணத்தால் மட்டுமே தப்பித்து நிற்கிறது காவிரியின் ராஜ வம்சம். அதைக் காப்பவர்கள் தூண்டிலோடு வர வேண்டுமா, துப்பாக்கியோடு வர வேண்டுமா என்று வாதாடிக்கொண்டிருக்கலாம். யாராவது வர வேண்டும். வந்து எண்ணவும் வேண்டும்.