முட்டையும் கிணற்று நீரும்

சென்ற கோடை விடுமுறையில் கடலூரை அடுத்த என் பாட்டியார் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். பன்னெடுங்காலம் இனித்த அவ்வீட்டுக் கிணறு இப்பொழுது கரிக்கின்றது. "கடல் நகரவில்லையே அண்ணா, தண்ணீர் மட்டும் ஏன் மாறிற்று?" என்று வினவினாள், அண்டை வீட்டு ஆறு வயதுச் சிறுமி. சொல்லால் விடை கூற மாட்டாது, கண்ணாடிக் குவளைகளின் துணையை நாடினேன். இல்லந்தோறும் சிறார் செய்து பார்க்கத் தக்க அச்சோதனைகளை ஈண்டு எழுதுகின்றேன்.

முதலாவது, புதிய கோழிமுட்டையொன்றை நன்னீரில் இடுக, அமிழும். தேவனாம்பட்டினத்துக் கடல்நீரில் இடுக. மிதக்குமென்றே பலரும் எண்ணுவர், ஆயின் ஆங்கும் அமிழும். ஒரு லிட்டர் கடல்நீரில் உள்ள உப்பு ஏறத்தாழ 35 கிராமே. அதனினும் செறிவுடைய முட்டை மேலெழ, ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 120 கிராம் உப்பைக் கரைத்தல் வேண்டும். இஃது உழவர்க்குப் புதிதன்று. முட்டை மிதக்கும் உப்புநீரில் விதைநெல்லை இட்டு, மிதக்கும் பதரை நீக்கி, அமிழ்ந்த திண்மணிகளைக் கழுவி விதைத்தல் நெல் விளையும் நாட்டில் அறிந்த முறையே.

இரண்டாவது, உப்புநீரிற் சிறிது பீட்ரூட் சாறு கலந்து குவளையிற் பாதி நிரப்புக. அதன்மேல் கரண்டியின் முதுகு வழியே நன்னீரை மெல்ல வார்க்க. செந்நீர் கீழும் தெளிநீர் மேலுமாய் நிற்கும். சிதம்பரத்திற்குக் கிழக்கே, பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலொடு கூடுமிடத்து ஆற்றுநீர் மேலே பரவுவதும் இக்காரணத்தாலேயே. பின்னர், ஒரு குழலின் நுனியை எல்லைக்குச் சற்று மேலே நிறுத்தி மெல்ல உறிஞ்சுக, நன்னீரே வரும். விரைந்து இழுப்பின் செந்நீரும் ஏறிவந்து நாவிற் கரிக்கும்.

கடலோரக் கிணறுகளின் கதையும் இதுவே. மணலில் இறங்கிய மழைநீர், நிலத்தடியிற் புகுந்த கடல்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல்நீர் நன்னீரினும் நாற்பதில் ஒரு பங்கே மிகுதியாகக் கனக்கும். ஆதலின், கடல்மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நிற்பின், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது அறிஞர் கணக்கு. பம்புகளால் மிகுதியாக இறைத்து அந்த 1 அடியை இழந்தால், நாளடைவில் உப்புநீர் கீழிருந்து அந்த 40 அடியையும் கவர்ந்துகொள்ளும்.

இதனைக் கேட்ட சிறுமி, "அப்படியானால் மேலிருந்து மழைநீரை ஊற்றுவோமே!" என்றாள். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிற் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்க் குழி அவ்வீட்டில் தூர்ந்து கிடந்தது. இருவரும் பாட்டியாரிடம் அதனைக் காட்டினோம். மறுநாளே துப்புரவு செய்தோம். கிணறு ஓராண்டில் இனித்துவிடும் என்று யான் கூறேன். ஆயினும், வரும் ஐப்பசி மழையை அவ்வீட்டில் ஒரு குழந்தை காரணம் அறிந்து எதிர்நோக்கியிருக்கின்றது.