ஒரு பழைய மிட்ஜெட்டும் ஒரு சீஆர் கொப்பியும்

பழைய சோனகத் தெருவில் எனது கடைக்கு வரும் நண்பர்கள் அண்மைக் காலமாகக் கம்பி விலை, பெயின்ட் விலை கேட்பதற்கு முன்னர் வேறொரு கேள்வியைக் கேட்கிறார்கள். "ஹாஜியார், அந்தச் சிவப்புக் காரில எவ்வளவு லாபம்?"

வியாபாரி வியாபாரியிடம் கேட்கும் கேள்வி அதுதான். கோபப்பட அதில் எதுவுமில்லை. பதில் எனது மேசை லாச்சியில் ஒரு சீஆர் கொப்பியில் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு பெப்ரவரியிலிருந்து அந்தக் காருக்காகச் செலவழித்த ஒவ்வொரு சதமும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அதே ஆசையோடு பழைய கார் தேடித் திரியும் இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இந்த வாரம் அந்தக் கொப்பியைத் திறக்கிறேன்.

கார் 1967ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட். இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய, கூரையில்லாத சின்னக் கார். இங்கிலாந்தில் எபிங்டன் தொழிற்சாலையில் 1961 முதல் 1979 வரை இந்த வகை தயாரானது. மொத்தம் இரண்டேகால் இலட்சத்துக்கும் சற்று அதிகம் வெளியே வந்தன. பெயர்தான் ஸ்போர்ட்ஸ் கார். உள்ளே பார்த்தால் அக்காலத்து ஏழை வீட்டுக் கார்களின் உறுப்புகளைக் கூட்டிச் செய்தது. ஸ்டியரிங் மொறிஸ் மைனருடையது. முன் சில்லுகளைத் தாங்கும் அமைப்பு ஒஸ்டின் ஏ35இலிருந்து வந்தது. எஞ்சினும் மைனர், மினி கார்களுக்குப் போட்ட அதே ஏ வரிசை எஞ்சின்தான், 1275 சீசீக்குப் பெருப்பித்தது. எனது வாப்பாவிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. அதன் பொனட்டுக்குள் தலையை விட்டு வளர்ந்தவன் நான். ஆகவே மிட்ஜெட் எனக்குப் பணக்காரச் சாமானாகத் தெரியவில்லை, மைனரின் குறும்புக்காரத் தம்பியாகத்தான் தெரிந்தது.

கண்டியில் ஒரு வீட்டின் பின்புறத்தில், தகரக் கொட்டிலுக்குள் அது பதினாறு வருடங்களாக நின்றது. உரிமையாளர் சத்திர சிகிச்சை நிபுணர், காலமாகிவிட்டார். அவரது மனைவிதான் விற்பதற்கு இருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். நானும் மகனும் போனோம்.

பழைய காரை எப்படிப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு முதலில் சொல்வது இது: பெயின்டைப் பார்க்காதீர்கள். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். பொடியில் அது ஒட்டாத இடமெல்லாம் புட்டி பூசிய இடம். கம்பளத்தைத் தூக்கித் தரையைக் கையால் அழுத்துங்கள். பிறகு கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டித் தகட்டைப் பாருங்கள். கூரையுள்ள காரில் பாரத்தைக் கூரையும் பங்குபோட்டுக் கொள்ளும். கூரையில்லாத காருக்கு முதுகெலும்பே இந்தச் சில்தான். ஜாக்கியால் ஓரத்தை மெல்ல உயர்த்திக் கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். கதவு இறுகினால் சில் உக்கிவிட்டது என்று அர்த்தம். எங்களது மிட்ஜெட்டில் இடது கதவு இறுகியது. வலது கதவு திறக்கவே இல்லை.

எஞ்சின் இறுகிக் கிடந்தது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. எஞ்சினைக் காசால் சரிசெய்யலாம். உக்கிய பொடியைச் சரிசெய்யக் காசோடு ஒரு நல்ல மனிதரும் வேண்டும்.

புத்தகத்தைக் கேட்டு வாங்கி, செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் டோர்ச் அடித்து ஒப்பிட்டோம். இரண்டும் சரி. பெயர் காலமானவருடையது. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வாரிசின் பெயருக்குப் புத்தகம் மாறும் வரை முழுக் காசையும் கொடுக்கக்கூடாது. நானும் முற்பணம் மட்டும் கொடுத்து, மாற்றம் முடிந்த பிறகுதான் மிகுதியைக் கொடுத்தேன்.

இனி விலைக்கு வருகிறேன். இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பழைய இரும்பு வாங்கும் ஒருவர் ஓர் இலட்சத்துக்குக் கேட்டிருக்கிறார். அந்த அம்மையாருக்கு அது குறைவு என்று தெரியும், சரியான விலை எது என்று தெரியாது. "முதலாளி, நீங்கள் வியாபாரம் செய்பவர். நியாயமான விலையை நீங்களே சொல்லுங்கள்" என்றார். எட்டு இலட்சம் வரை போகலாம் என்று மனதில் முடிவெடுத்துத்தான் நான் கடுகண்ணாவை ஏறியிருந்தேன். வாய் ஐந்து என்றது. அவர் பேரம் பேசவில்லை. "நல்லது" என்று சொல்லித் தேநீர் கொண்டுவரப் போய்விட்டார். பேரம் பேசியிருந்தால் எனக்கு இன்று சொல்ல ஒன்றுமிருக்காது. முப்பது வருடமாகக் குறைத்துக் கேட்டு, கூட்டிக் கொடுத்துத்தான் வியாபாரம் செய்கிறோம். ஆனால் விலையைச் சொல்லும் பொறுப்பை ஒருவர் நம்பி உங்கள் கையிலே தந்துவிட்டால் அது பேரமாகுமா? அன்று இரவு கொப்பியின் முதல் பக்கத்தில் 5 இலட்சம் என்று எழுதி, ஓரத்தில் பென்சிலால் "8 - 5 = 3" என்றும் எழுதினேன்.

கொழும்புக்குக் கொண்டுவந்ததும் அவசரம் பிடித்துக்கொண்டது. நகரத்துக்கு வெளியே ஒரு கராஜில் குறைந்த விலைக்கு டிங்கர் வேலையைப் பேசினேன். ஊரையும் பெயரையும் விடுவோம். மாதம் ஒரு தடவைதான் போய்ப் பார்த்தேன். அவர்கள் இரண்டு பக்கச் சில்லையும் ஒரே நாளில் வெட்டி எறிந்திருக்கிறார்கள், குறுக்கே ஒரு முட்டும் கொடுக்காமல். கார் நடுவில் தொய்ந்துவிட்டது. அந்தத் தொய்விலேயே புதுத் தகட்டை ஒட்டிவிட்டார்கள். கதவுகள் இரண்டும் சட்டத்துக்குள் உட்காரவில்லை. அதற்கு அவர்கள் சொன்ன பரிகாரம், கதவின் ஓரத்தை அரைத்து எடுப்பது. 1 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாவும் ஏழு மாதமும் போயின. கொப்பியில் அதற்கு நேரே ஒன்றும் எழுதாமல் ஒரு கோடு மட்டும் போட்டேன்.

பின்னர் கிடைத்த பாஸ் எழுபது கடந்தவர், சிங்களவர். மருதானையில் மொறிஸ் மைனரிலேயே தொழில் பழகியவர். அவர் காரைப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "முதலாளி, உங்கள் கடையில் அங்கிள் இரும்பு இருக்கிறதா?" கதவு இடைவெளியின் குறுக்கே அங்கிள் இரும்பை வெல்ட் செய்து, காரைக் கல்லுப் போல அசையாமல் நிறுத்தி, ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மறுபக்கத்தில் கை வைத்தார். ஒவ்வொரு தகடு வைக்கும்போதும் கதவைத் தொங்கவிட்டு மூடிப் பார்ப்பார். கூலி முந்தியவரைவிட இரட்டிப்பு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் தெருவில் வியாபாரம் படுத்துக் கிடந்த மாதங்களிலும் அவர் ஒரு நாளும் தவறாமல் காலை எட்டு மணிக்கு வந்தார். அந்த நாட்களில் அதுவும் எனக்கு ஒரு பெரிய விஷயமாக இருந்தது.

உதிரிப்பாகங்களுக்கு எமது பஞ்சிகாவத்தை இருக்கிறது. அங்கே கவனம் வேண்டும். மைனரின் சாமான் மிட்ஜெட்டுக்கு அப்படியே பிடிக்கும் என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். பாதி உண்மை. இலங்கையில் ஓடிய மைனர்களின் எஞ்சின் 803, 948, 1098 சீசீ. 1275இன் சிலிண்டர் அகலம் வேறு, ஆகவே பிஸ்டனும் ஹெட் கெஸ்கட்டும் வேறு. நான் ஒரு கெஸ்கட்டை இலேசாகப் பார்த்து வாங்கி, கடையின் முன்னாலேயே வைத்து ஒப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பழைய சாமானை மாதிரிக்குக் கையில் கொண்டுபோகாமல் பஞ்சிகாவத்தைக்குப் போகக்கூடாது.

பொடித் தகடுகள் இங்கிலாந்திலிருந்து வந்தன. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் அந்தப் பழைய கார்களின் தகடுகளை இன்னும் அச்சடித்து விற்கிறது. தொழிற்சாலை மூடி நாற்பது வருடமாகியும் ஒரு சாமானுக்குச் சந்தை இருக்கிறது என்றால், வியாபாரிகளான நாம் அதைக் கவனிக்க வேண்டும். நமது நாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. பாத் நகரத்து மொறிஸ் மைனர் வியாபாரி சார்ள்ஸ் வெயார் என்பவர், 1990களில் மைனருக்கான பாகங்களை இலங்கையில் செய்வித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்.

மகன் செய்த ஒரு வேலையையும் சொல்லவேண்டும். கார் ஓரளவு எழும்பி நின்றதும், போன் சார்ஜ் பண்ணும் வசதியோடு ஒரு ரேடியோவை ஆசையாக வாங்கிவந்து பூட்டினான். பெட்டரியை இணைத்ததும் புகை. 1967 வரை வந்த மிட்ஜெட்டுகளில் பெட்டரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியோடு இணைந்திருக்கும். இன்றைய சாமான்கள் எல்லாம் அதற்கு நேர்மாறு. "வாப்பா, இதை யாரும் சொல்லலியே" என்றான். வயரிங் வரைபடம் மேசையில்தான் கிடந்தது.

வீட்டில் இந்தச் செலவை நான் "முதலீடு" என்று சொல்லிவந்தேன். ரமழானில் ஸகாத் கணக்குப் பார்க்கும்போது மௌலவி ஒருவரிடம் இதைப்பற்றி விசாரித்தேன். வாங்கும்போதே விற்கும் நிய்யத்து இருந்ததா என்று கேட்டார். இருந்தால் அது வியாபாரப் பொருள், சந்தை விலைக்கு வருடம் இரண்டரை வீதம் வரும். சொந்தப் பாவனைக்கு என்றால் இல்லை. மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். சொந்த ஆசைக்குத்தான் என்று உண்மையைச் சொன்னேன். அன்றோடு முதலீடு என்ற சொல் எங்கள் வீட்டில் முடிந்தது.

உண்மையான சோதனை 2022இல் வந்தது. டொலர் இல்லாமல் எல்.சி. திறக்க வழியில்லை, வந்த சரக்குக்குத் துறைமுகத்தில் தாமதக் கட்டணம் ஏறுகிறது, கொடுத்த காசோலைகள் வரிசையாக நிற்கின்றன. பவுணின் விலை 2018இல் இருந்ததைப்போல் இரட்டிப்பாகிவிட்டது, ஆகவே மிட்ஜெட்டுக்கு மிச்சமிருந்த சாமான்களை நினைத்தும் பார்க்க முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து எந்தக் காருக்கும் நல்ல விலை. பெயின்ட் அடிக்காத, ஆசனம் இல்லாத மிட்ஜெட்டை 22 இலட்சத்துக்கு ஒருவர் கேட்டார். கொப்பியில் அதுவரை 27 ஆகியிருந்தது. மகன் விற்கச் சொன்னான். வியாபாரப் புத்தியும் அதையே சொன்னது.

ஒரு இரவு முழுக்க யோசித்து வேறு கணக்குப் போட்டேன். மிட்ஜெட்டை விற்றால் ஐந்து இலட்சம் நட்டம். வாசலில் நின்ற கொரோலாவை விற்றால், வாங்கிய விலையைவிடக் கூடுதலாக வரும். பெற்றோல் இல்லாமல் அதுவும் சும்மாதான் நின்றது. கொரோலாவை விற்றுக் காசோலைகளைக் காப்பாற்றினேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் மனைவி முச்சக்கர வண்டியில் போய்வந்தார். அந்தக் கடன் கொப்பியில் எழுதப்படவில்லை, அடிக்கடி வாயால் நினைவூட்டப்படுகிறது.

கார் முடிந்தது 2023 செப்டம்பரில். மொத்தச் செலவு 41 இலட்சத்துச் சொச்சம். பாஸ் இரண்டு கார்பரேட்டர்களையும் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டே சமப்படுத்தினார். கதவு சாத்தும்போது ஒரே ஒரு சத்தம், டக் என்று. நண்பர்கள் கேட்கும் லாபம் அங்கேயிருந்தால் உண்டு.

பென்சிலில் எழுதிய மூன்று மட்டும் முதல் பக்கத்தில் அப்படியே கிடந்தது. மனைவியிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "இஞ்ச பாருங்க, அந்த மூணு லட்சம் 2018 காசா, இப்ப காசா?" நான் மூன்றுதான் என்றேன். அவர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். கடைசியில் ஐந்து என்று முடிவாயிற்று. வங்கியில் ஐயாயிரம் ரூபா நோட்டுக் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டிக்குப் புறப்பட்டோம். கடுகண்ணாவை ஏற்றத்தில் வெப்பமானி கொஞ்சம் மேலே போனது, நின்று ஆறவிட்டுப் போனோம்.

அம்மையார் வாசலுக்கு வந்து காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். இடது ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, முன்னாலிருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அந்த இடத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை அவருக்கு. கேட் வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தேன். பிறகு விஷயத்தைச் சொல்லிக் கடித உறையை நீட்டினேன். மறுப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் மறுக்கவில்லை. "அன்றைக்கே எனக்குச் சந்தேகம் இருந்தது" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேசையில் வைத்து, நிதானமாக எண்ணினார்.

"முதலாளி, தொண்ணூற்றொன்பதுதான் இருக்கிறது."

நானும் எண்ணினேன். குறைந்துதான் இருந்தது. வரும் வழியில் வரக்காப்பொலையில் பெற்றோல் அடிக்க அந்தக் கட்டிலிருந்து ஒரு நோட்டை உருவியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மகனிடம் வாங்கிக் கொடுத்தேன்.