கேள்வியை மாற்றிப் பாருங்கள்

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, தமிழ் தெரியாது என்பதை மறைக்கவில்லை. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதிப் பழகினார்.

1713-இல் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை மிகப் பெரியவை, காகிதமோ குறைவு. “மேலும் காகிதத்துக்கு எங்கே போவது?” என்றுதானே நாம் கேட்போம்? அவர்களோ எழுத்தைச் சிறிதாக்க வழி தேடினர். உயரமும் அகலமும் பாதியானால், எழுத்து அடைக்கும் பரப்பு கால் பங்காகிவிடும் அல்லவா?

இரும்பை உருக்க 1,500 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். ஈயத்துக்கு 327 டிகிரியே போதும். ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். பாலாடைக்கட்டியைப் பொதிந்து வந்த ஈயத்தகடுகளும் உருக்கப்பட்டனவாம்! 1715-இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

மாணவ நண்பர்களே, கணக்கு நகர மறுத்தால், தெரியாததை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு கேள்வியையே திருப்பிப் போட்டுப் பாருங்கள்.