வீட்டுக்கு வேண்டும் வெப்பம்

வெயில் நாட்டில் பிறந்த எனக்கு, வீட்டைச் சூடாக்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு என்பது இங்கிலாந்தில் ஒரு குளிர்காலத்தைக் கழித்த பின்னரே தெரிந்தது. அங்கே எனக்கு இடம் கொடுத்த மூதாட்டியார், 500 வாட் மின்கணப்பு ஒன்றைத் தம் அறையில் அல்லும் பகலும் எரியவிடுவார். ஆயினும் மேலங்கியைக் கழற்றமாட்டார். கணப்பு பழுதாகியிருக்கும் என்றே நான் எண்ணினேன். பழுது கணப்பில் இல்லை.

ஓட்டைக் குடத்தை நிறைவாக வைத்திருக்க எவ்வளவு நீர் ஊற்றவேண்டும்? ஒழுகும் அளவு ஊற்றவேண்டும். வீட்டின் வெப்பமும் அத்தகையதே. ஆகவே, முதலில் ஒழுக்கை அளந்தறிதல் வேண்டும்.

5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அதன் நீண்ட பக்கம் ஒன்றே வெளிச்சுவர்: 10 சதுர மீட்டர் செங்கல், 2 சதுர மீட்டர் ஜன்னல். மற்றப் பக்கங்களில் வெப்பம் போவதுமில்லை, வருவதுமில்லை எனக் கொள்வோம். சராசரி நாளுக்கன்றிக் கடுங்குளிர் நாளுக்கே கணக்கிடவேண்டும். ஆதலின் வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்க.

பழைய செங்கற்சுவர், ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 வாட் வெப்பத்தை இழக்கும்; ஒற்றைக் கண்ணாடி 5 வாட் இழக்கும். எனவே சுவரில் 400 வாட், ஜன்னலில் 200 வாட் போகின்றன. இடுக்குகளின் வழியே அறையின் 30 கன மீட்டர் காற்று மணிக்கொருமுறை மாறுமாயின், அதனோடு இன்னும் 200 வாட் போகும். ஆக மொத்தம் 800 வாட்.

அதாவது, டிகிரிக்கு 40 வாட். இத்தகைய அறையில் 500 வாட் கணப்பு எவ்வளவு எரிந்தாலும், சூடு 12 அல்லது 13 டிகிரிக்கு மேல் ஏறாது. குளிர்நாடுகளில் வீட்டினுள் குறைந்தது 18 டிகிரி இருத்தல் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. முதியோருக்கு அதனினும் மிகுதியாகத் தேவைப்படலாம் என்றும் கூறிற்று.

பெரிய கணப்பு வாங்கினால் குளிர் தீரும். ஆனால் மின்கட்டணம் வளரும். அதற்கு மாறாக, சுவரின்மேல் 10 சென்டிமீட்டர் கனத்துக்குக் கண்ணாடிப் பஞ்சை முறையாகப் பொருத்தினால், சுவரின் இழப்பு 400 வாட்டிலிருந்து ஏறத்தாழ 60 வாட்டாகக் குறையும். மொத்தம் 460. அந்தச் சிறு கணப்பே போதும்! இடுக்குகளை மட்டும் முற்றிலும் அடைத்துவிடலாகாது. மூச்சுக்குக் காற்று வேண்டும், ஈரமும் வெளியேறவேண்டும்.

இந்தக் கணக்கை அன்று நான் அறிந்திருந்தால், அந்த அம்மையாரின் கணப்பைத் திருகிப் பார்த்துக்கொண்டிராமல், அவர் அறையின் சுவரைத் தொட்டுப் பார்த்திருப்பேன்.