வட ஏரிகளின் குறுகிய வசந்தம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துத் தூண்டில்காரர்கள் குளிர்காலம் முழுக்க எண்ணிக்கொண்டிருப்பது ஒரே தேதியைத்தான்: மே மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை. மாகாணத்தின் வடபகுதி ஏரிகள் பலவற்றில் பிக்கரல் மீன் பிடிக்க அன்றுதான் அனுமதி தொடங்குகிறது. விக்டோரியா தின விடுமுறையும் பெரும்பாலும் அதே வார இறுதியில் வந்து சேர்வதால், படகைப் பின்னால் மாட்டிய வண்டிகள் வரிசையாக வடக்கே போகும். ரெட் லேக் போன்ற ஊர்களோடு நெடுஞ்சாலை முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் உள்ள ஏரிகளுக்கு மிதவை விமானத்தில்தான் போக வேண்டும். 1947-இல் முதன்முதலாகப் பறந்த பீவர் ரக விமானங்கள் இன்றும் இந்த வேலையைச் செய்கின்றன. ஏரியில் இறங்கினால் ஒரு மரவீடு, விறகடுப்பு, இரண்டொரு அலுமினியப் படகுகள். மீன்பிடி முகாம் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

முகாம் நடத்துபவர்களுக்கு அதைவிட முக்கியமான தேதி ஒன்று உண்டு. அது பனிக்கட்டி உடைந்து ஏரி திறக்கும் நாள். குளிர்காலத்தில் விமானத்துக்குச் சறுக்குக் கட்டைகளைப் பொருத்திப் பனிமேல் இறக்கலாம். கோடையில் மிதவைகளைப் பொருத்தி நீரில் இறக்கலாம். பனி இளகி உடையும் நாட்களில் இரண்டும் முடியாது. ஏரி திறந்ததும் முதல் விமானம் கிளம்பும். அடுத்த சில வாரங்களுக்கு எல்லா முகாம்களிலும் ஆள் நிறைந்திருக்கும். கோடையில் ஆழத்தில் போய்த் தேடவேண்டிய மீன்கள் அப்போது கரையோரத்து ஆழமற்ற நீரில் கிடைப்பதே காரணம். அவை ஏன் அங்கே வருகின்றன என்ற கேள்விக்கு விடை தண்ணீரின் ஒரு விசித்திர குணத்தில் இருக்கிறது.

நான்கு டிகிரி விசித்திரம்

பெரும்பாலான திரவங்கள் குளிரக் குளிர அடர்த்தி கூடிக் கனமாகும். தண்ணீரும் அப்படித்தான், ஆனால் சுமார் 4 டிகிரி செல்சியஸ் வரைதான். அதற்குக் கீழே குளிர்ந்தால் மறுபடி லேசாகிறது. அதனால்தான் ஏரி மேலிருந்து உறைகிறது. குளிர்காலத்தில் பனிப்பாளத்தை ஒட்டிய நீர் 0 டிகிரியில் இருக்க, அடியில் சுமார் 4 டிகிரி நீர் தங்கியிருக்கும். மீன்கள் உயிரோடிருப்பது இந்தக் குணத்தின் தயவில்தான்.

வசந்தத்தில் பனி உடைந்ததும் வெயில் பட்டு மேல்நீர் மெல்லச் சூடேறி 4 டிகிரியை எட்டுகிறது. எட்டியதும் கனம் கூடிக் கீழே இறங்குகிறது. மேலும் கீழும் ஒரே அடர்த்தி ஆகிவிட்டால் பிறகு சாதாரணக் காற்றே போதும். புளித்த மாவைக் கரண்டியால் அடிவரை கலக்குவதுபோல அது ஏரி முழுவதையும் புரட்டிவிடும். மாதக்கணக்கில் பனிக்கு அடியில் பிராணவாயு குறைந்து கிடந்த ஆழத்து நீர் மேலே வந்து காற்றைத் தொடுகிறது. குளிர்ந்த நீர் பிராணவாயுவை அதிகம் பிடித்துவைத்துக்கொள்ளும்: 20 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம்தான் கரையும், 4 டிகிரியில் சுமார் 13 மில்லிகிராம்.

இந்த நிலை நீடிப்பதில்லை. மேல்நீர் மேலும் சூடாகி லேசாகி, குளிர்நீர்மேல் தனி அடுக்காக மிதக்கத் தொடங்கும். கோடை முற்றும்போது இரண்டுக்கும் நடுவே, சில மீட்டருக்குள் வெப்பம் சட்டென விழும் ஒரு எல்லை உருவாகிவிடும். அந்த எல்லை உருவாகும்வரை, குளிர்நீர் மீனுக்கு ஏரியின் எந்த மூலையும் அடைப்பில்லாத இடம்.

கரை திறந்திருக்கும் நாட்கள்

இதை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளும் மீன் ஏரி டிரவுட். அதற்குப் பிடித்தது 10 டிகிரியை ஒட்டிய நீர். 15 டிகிரியைத் தாண்டிய நீரில் அது நெடுநேரம் தங்குவதில்லை. ஆனால் ஏரியில் நல்ல தீனி இருப்பது கரையோரத்தில்: சிறுமீன்கள், நன்னீர் நண்டினங்கள், பூச்சிகளின் இளம்புழுக்கள். வசந்தத்தில் கரையும் குளிர்ந்திருப்பதால் டிரவுட் அங்கே வந்து வயிறாரத் தின்கிறது. கோடையில் கரை சூடாகிவிட, ஆழத்துக்குப் போய் அங்கே கிடைக்கும் சின்னச் சின்ன இரைகளோடு காலம் தள்ளுகிறது.

வசந்தத்தின் நீளம் மாறினால் மீனுக்கு என்ன ஆகும்? இதை நேராகவே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒன்டாரியோவின் கெனோரா நகருக்குக் கிழக்கே, ஏரிகளையே சோதனைக்கூடமாக வைத்து ஆராயும் ஒரு நிலையம் 1968 முதல் இயங்கிவருகிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு ஏரிகள் அதன் வசம் உள்ளன. அங்கே ஓர் ஏரியின் டிரவுட் மீன்களின் வயிற்றுக்குள் சிறு ஒலிபரப்பிகளைப் பொருத்தி, அவை எங்கே, எந்த ஆழத்தில் திரிகின்றன என்பதைப் பதினோரு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2017-இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. வசந்தம் குறுகி, கோடை நீண்ட ஆண்டுகளில் மீன்கள் கரைக்கு வந்தது குறைந்தது. பெரிய இரை கிடைப்பதும் குறைந்தது. வளர்ச்சியும் உடல் செழிப்பும் சரிந்தன. ஆண்டு முழுவதற்கான வளர்ச்சியில் அந்தச் சில வாரங்களுக்கு முக்கியப் பங்கு உண்டு.

வசந்தமோ நகர்ந்துகொண்டிருக்கிறது. வட அரைக்கோளத்து ஏரிகள், ஆறுகளின் பனிப் பதிவேடுகளைத் திரட்டி 2000-இல் வெளியான ஓர் ஆய்வு, 1846 முதல் 1995 வரையிலான காலத்தில் பனி உறைவது நூறாண்டுக்கு 5.8 நாள் தாமதமாகியதையும், உடைவது 6.5 நாள் முந்தியதையும் காட்டியது. பனி முன்னதாக உடைவதால் தூண்டில்காரருக்குப் பருவம் நீளலாம். ஆனால் கரையும் வேகமாகச் சூடேறிவிட்டால் டிரவுட்டுக்கு அந்தக் கூடுதல் நாட்களால் பயனில்லை.

முட்டையிடும் நேரத்தில் ஒரு கூட்டம்

டிரவுட் இலையுதிர்காலத்தில் முட்டையிடும் மீன். வசந்தத்தில் அது வருவது தின்ன மட்டுமே. மற்ற இரண்டு முக்கிய மீன்களின் கதை வேறு.

நார்தர்ன் பைக் பனி உடைந்த கையோடு முட்டையிடுகிறது. ஒளிந்திருந்து பாயும் இந்த நீண்டமூக்கு வேட்டைமீன், வெள்ளம் ஏறிய புல்வெளிகளையும் சேற்றுக் குடாக்களையும் தேடிப் போகும். ஏரியில் முதலில் சூடேறுவதும் அந்த இடங்கள்தான். ஒட்டும் தன்மையுள்ள முட்டைகள் நீருக்குள் மூழ்கிய புல்லில் பற்றிக்கொள்ளும். அங்கே நீர்மட்டம் சட்டென இறங்கினால் அந்த ஆண்டின் சந்ததியே காய்ந்துபோகும்.

அமெரிக்கர்கள் வால்ஐ என்று சொல்லும் பிக்கரல், நீர் 6 முதல் 9 டிகிரியை எட்டும்போது, ஆற்றுவாய்களிலும் பாறைத் திட்டுகளிலும் இரவில் கூடுகிறது. கூடு கட்டுவதில்லை, காவல் இருப்பதில்லை. பெண்மீன் லட்சக்கணக்கான முட்டைகளைக் கற்களின் இடுக்குகளில் தூவிவிட்டுப் போய்விடும். அதன் கண்ணுக்குள், பூனையின் கண்ணில் உள்ளதைப் போலவே, ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. மங்கிய வெளிச்சத்திலும் இரை அதற்குத் தெளிவாகத் தெரியும். இரையாகும் மீனுக்குத் தெரியாது. அந்தியிலும் விடியலிலும், காற்றடித்து அலை எழும்பும் பகலிலும் பிக்கரல் நன்றாகக் கடிப்பதற்குக் காரணம் இதுதான்.

மே மூன்றாம் சனிக்கிழமை என்ற விதியின் அர்த்தம் இப்போது விளங்கும். பரந்த ஏரியின் மீன்களெல்லாம் ஒரு சில பாறைத் திட்டுகளில் திரண்டிருக்கும்போது, ஓரிடத்தில் போட்ட தூண்டிலில் மணிக்கணக்கில் மீன் விழும். ஏரியில் மீன் கொழிக்கிறது என்று பார்ப்பவருக்குத் தோன்றும். கொழிக்கவில்லை, கூடியிருக்கிறது. இவை குளிர்ந்த, சத்துக் குறைந்த ஏரிகள். மீன்கள் மெதுவாகவே வளர்கின்றன. மீனின் உள்செவியில் உள்ள சிறு கல்லை அறுத்து, மரத்தின் வளையங்களை எண்ணுவதைப் போல எண்ணி வயதைக் கணிக்கிறார்கள். வட ஏரிகளின் பிக்கரல் இருபது வயதையும், ஏரி டிரவுட் அதற்கு மேலும் பல ஆண்டுகளையும் எட்டக்கூடியவை. ஒரு பெரிய மீனைத் தூக்கிவிட்டால் அதன் இடம் நிரம்ப ஒரு தலைமுறை ஆகும்.

பெரிய பெண்மீன் சிறியதைவிட மிக அதிகமாக முட்டையிடும் என்பதால் அளவிலும் கட்டுப்பாடு உண்டு. ஒன்டாரியோவின் வடபகுதி மண்டலங்கள் சிலவற்றில் ஒருவர் வைத்துக்கொள்ளும் பிக்கரல்களில் 46 சென்டிமீட்டரைத் தாண்டியது ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். மதியம் கரையில் தீ மூட்டி, வாணலியில் பொரித்துத் தின்னும் முகாம் விருந்துக்குச் சின்ன மீன்களே சுவையானவை என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. அறிவியலும் அதே பக்கம்தான் நிற்கிறது.

நீரில் விட்டால் பிழைக்குமா?

பிடித்த மீனை மறுபடி நீரில் விடுவது இன்று பரவலான வழக்கம். விட்டதும் அது நீந்திப் போய்விட்டால் கதை முடிந்தது என்று நினைக்கிறோம். கனடாவில் 1992-இல் வெளியான ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. வானவில் டிரவுட் மீன்களைக் களைத்துப்போகும்வரை துரத்தி, சிலவற்றை நீரிலேயே விட்டார்கள். சிலவற்றை 30 வினாடியும், சிலவற்றை 60 வினாடியும் காற்றில் வைத்தார்கள். 12 மணி நேரத்துக்குள் முதல் குழுவில் நூற்றுக்கு 12, இரண்டாவதில் 38, மூன்றாவதில் 72 என்ற விகிதத்தில் மீன்கள் இறந்தன. நீலகிரியின் அவலாஞ்சியில் 1907 முதல் பொரிப்பகம் வைத்து வளர்த்துவரும் டிரவுட்டும் இந்த இனம்தான்.

அந்த 1992 ஆய்வு ஆய்வகச் சோதனை. குளிர்ந்த ஏரியில் சட்டென இழுத்து விட்ட மீன்களில் இவ்வளவு சாவு இருக்காது. ஆனால் காரணம் பொதுவானது. தூண்டிலோடு போராடும் மீனின் தசைகளில் அமிலம் சேர்கிறது. மூச்சுத் தேவை உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தில் வெளியே தூக்கினால், செவுளின் மெல்லிய இதழ்கள் நீரின் தாங்கல் இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. புகைப்படத்துக்காகத் தூக்கிப் பிடிக்கும் ஒரு நிமிடம் மீனுக்கு மூச்சில்லாத நிமிடம்.

ஆழமும் ஆபத்து. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல் இரு மடங்கு. அங்கிருந்து வேகமாக மேலே இழுத்தால் மீனின் காற்றுப்பை இரு மடங்காக விரியும். டிரவுட், பைக் ஆகியவற்றின் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. காற்றை ஏப்பமாக வெளியே விட்டுவிடலாம். பிக்கரலுக்கு அந்த வழி இல்லை. ஆழத்திலிருந்து வந்த பிக்கரலை விடுவித்தாலும் அது கீழே இறங்க முடியாமல் தவிக்கும். அதனால், சமைக்கும் அளவுக்குப் பிடித்த பிறகு ஆழத்தில் பிக்கரலைத் தேடாமல் இருப்பதே நல்லது.

ஸ்மால்மவுத் பாஸ் மீனில் சிக்கல் இன்னும் நுட்பமானது. அதில் கூட்டைக் காப்பது ஆண்மீன். அதைச் சில நிமிடங்கள் தூண்டிலில் பிடித்துவைத்தாலே பக்கத்தில் காத்திருக்கும் சிறுமீன்கள் கூட்டில் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். விடுவித்த மீன் உயிரோடு திரும்பலாம். ஆனால் கூடு காலியாகியிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத கேடுகள்

ஏரியின் உணவுச் சங்கிலி எவ்வளவு மெல்லியது என்பதை அதே கெனோரா நிலையம் இன்னொரு விதத்திலும் காட்டியது. அமில மழையின் விளைவைப் பார்க்க, 1976 முதல் ஓர் ஏரியில் சிறிது சிறிதாக அமிலத்தைக் கலந்தார்கள். டிரவுட் மீனை அமிலம் நேராகக் கொல்வதற்கு முன்பே, அது தின்னும் நுண்ணிறால்களும் சிறுமீன்களும் மறைந்தன. பிறகு டிரவுட் பட்டினியில் மெலிந்தது. டேவிட் ஷின்ட்லரும் சகாக்களும் 1985-இல் வெளியிட்ட அந்த முடிவு, அமில மழைக்கு எதிரான வாதத்தில் முக்கியச் சான்றாக நின்றது.

சோதனையாக இல்லாமல் நிஜமாகவே நடந்த கேடு, அதே வடமேற்கு ஒன்டாரியோவின் இங்கிலீஷ்-வாபிகூன் ஆற்றில் நிகழ்ந்தது. டிரைடன் நகரத்து ஆலை ஒன்றிலிருந்து 1962 முதல் 1970 வரை சுமார் 9 டன் பாதரசம் ஆற்றில் கலந்தது. நீரின் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்ற, அது ஒரு மீனிலிருந்து இன்னொரு மீனுக்கு ஏறி, உச்சியில் உள்ள பிக்கரலிலும் பைக்கிலும் குவிந்தது. கீழ்நீரோட்டத்தில் வாழும் கிராசி நேரோஸ் பழங்குடி மக்களில் பலர் மீன்பிடி விடுதிகளில் வழிகாட்டிகளாக உழைத்தவர்கள். 1970-இல் மீன்பிடித் தொழில் நிறுத்தப்பட்டது. பால் லேக் என்ற பெரிய விடுதியும் மூடப்பட்டது. பிழைப்பும் போயிற்று, உணவும் போயிற்று, உடலும் கெட்டது. அந்த மக்களின் நியாயப் போராட்டம் இன்னும் தீரவில்லை.

தனிமனிதர் செய்யும் கேடுகளும் உண்டு. தூண்டிலிலிருந்து அறுந்து விழும் ஒற்றை ஈயக் குண்டை விழுங்கினாலே லூன் என்னும் நீர்ப்பறவை செத்துப்போகும். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 1997 முதல் சிறிய ஈயக் குண்டுகளுக்குத் தடை இருப்பது இதனால்தான். மிச்சமான உயிருள்ள இரைமீனை ஏரியில் கொட்டுவது, வேறோர் இடத்து நோயையும் அந்நிய இனத்தையும் அங்கே இறக்குமதி செய்வதற்குச் சமம்.

போகிறவர்களுக்கு

டொராண்டோவில், குறிப்பாக அதன் ஸ்கார்பரோ பகுதியில், தமிழர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள். ஊரிலிருந்து போகும் உறவினரை மே மாதத்தில் ஏரிக்கு அழைத்துப் போக அவர்கள் திட்டமிட்டால், சிலவற்றை மறக்க வேண்டாம். 18 வயது நிரம்பிய வெளிநாட்டுப் பயணிக்கும் மீன்பிடி உரிமம் வேண்டும். போகும் ஏரி எந்த மண்டலத்தில் இருக்கிறது, எந்த மீனுக்கு எப்போது அனுமதி என்பதை அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஏரி மீனை எவ்வளவு உண்ணலாம் என்று மாகாண அரசு வெளியிடும் பட்டியலையும் பாருங்கள். கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் இருந்தால் இது கட்டாயம். எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளைப் பயன்படுத்துங்கள். பக்கத்து மானிடோபா மாகாணத்தில் அது சட்டமே. கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள், படம் எடுப்பதானால் நீருக்குள்ளேயே எடுங்கள். சின்னதைச் சமையுங்கள், பெரியதை விட்டுவிடுங்கள். வட ஏரி டிரவுட்டுக்குக் கரையோரத்தில் வயிறாரத் தின்ன வசந்தத்தில் கிடைப்பது சில வாரங்கள்தான். நாம் அங்கே போய் நிற்பதும் அதே வாரங்களில்தான்.