பணிமுகாமும் ஒருங்கிணைப்பாளரும்

பல நாட்டு இளைஞர் ஓரிடத்தில் கூடி, ஊதியம் கருதாது, ஊருக்குரிய பணியொன்றைத் தம் உடலுழைப்பால் நிறைவேற்றும் முறைக்குப் பணிமுகாம் என்று பெயர். இம்முறை முதல் உலகப்போரின் இடிபாடுகளுக்கிடையே தோன்றியது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியேர் செரெசோல் என்பார் 1920-ஆம் ஆண்டு பிரான்சில், வெர்டன் போர்க்களத்தை அடுத்த எஸ்ன் என்னும் சிற்றூரில் சிலரைக் கூட்டி, வீடிழந்தோர்க்குத் தற்காலிகக் குடில்கள் அமைத்தார். அக்குழுவில் செருமானியரும் இருந்தனர். இடித்த நாட்டார் வந்து கட்டித் தருதல் எத்துணை உயர்ந்த எண்ணம்! ஆயினும் ஊராரின் மனப்புண் ஆறவில்லை. எதிர்ப்பு வலுக்கவே, 1921-இல் குழுவினர் அவ்வூரை விட்டு நீங்க நேர்ந்தது.

செரெசோல் சோர்ந்துவிடவில்லை. ரைன் ஆறு 1927-இல் கரையுடைத்து லிக்டன்ஸ்டைன் நாட்டு வயல்களை மூடியபோது, மறு ஆண்டில் 700-க்கும் மேற்பட்டோர் பல நாடுகளிலிருந்து வந்து கல்லும் மண்ணும் அகற்றினர். 1934 சனவரி 15-இல் பீகாரை நிலநடுக்கம் தாக்கியபின் அவர் இந்தியாவுக்கும் வந்தார். இராசேந்திர பிரசாத்துடன் கலந்து, ஊர்களை மீண்டும் அமைக்கும் பணியில் ஈடுபட்டார். அவர் தொடங்கிய இயக்கமே ‘சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்’ என்னும் அமைப்பாக இன்றும் முகாம்கள் நடத்தி வருகின்றது.

எஸ்ன் ஊரில் நேர்ந்த முறிவை மாணவர்கள் சிறப்பாகக் கருதிப் பார்த்தல் வேண்டும். கொடுப்போரின் தூய நோக்கம் ஒன்றே போதாது. கொள்வோரின் இசைவும் வேண்டும். அவ்விசைவைத் தேடிப் பெறுவதும் காப்பதுமே முகாம் ஒருங்கிணைப்பாளரின் தலையாய கடமை எனலாம். அவர் மேற்பார்வையாளர் அல்லர். மண்வெட்டி பிடிப்போருள் ஒருவராகவே நிற்பவர். பெரும்பாலும் அவரும் ஊதியம் பெறாத தன்னார்வலரே.

முகாம் பொதுவாக இரண்டு அல்லது மூன்று கிழமைகள் நடைபெறும். தொண்டர் வருமுன்னரே ஒருங்கிணைப்பாளர் ஊர்ப் பெரியோரைக் கண்டு, எப்பணி வேண்டும் என்பதை அவர்கள் வாய்மொழியாலேயே கேட்டறிதல் நன்று. நூலகம் கட்டித்தர வந்தவர்களிடம் ஊரார் வடிகால் கேட்பதுண்டு. அந்நிலையில் வடிகாலே வெட்டப்பட வேண்டும். மற்றொன்றும் உண்டு. கூலிக்கு உழைப்போர் செய்யும் வேலையைத் தொண்டர் இலவசமாகச் செய்தால், ஏழையின் அடுப்பு அணையும். இதனை எண்ணாத முகாம் ஊருக்குச் சுமையே.

முகாம் கூடியபின் எழும் சிக்கல்கள் பெரும்பாலும் அடுக்களையில் தொடங்குகின்றன. ஒருவர் புலால் உண்ணார்; மற்றொருவர் ஹலால் உணவே கொள்வார்; சமைப்பதும் கலங்கழுவுவதும் பெண்களின் தலையில் மெல்ல விழுந்துவிடும். முதல் நாள் மாலையிலேயே முறைவைத்துப் பெயர் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுதல் இதற்கு எளிய மருந்து. அடுத்தது மொழி. ஆங்கிலம் சரளமாக அறிந்தோர் பேச, அறியாதோர் வாயடைத்து இருப்பர்; அவ்வமைதியை உடன்பாடு என்று கொள்ளுதல் கூடாது. இரண்டு வாக்கியத்திற்கு ஒருமுறை நிறுத்தி மொழிபெயர்க்கச் செய்தல் காலத்தை விழுங்கும். எனினும் அக்காலம் வீணன்று. செயலையே பெரிதெனப் போற்றிய இயக்கத்தில் ஒருங்கிணைப்பாளரின் பொழுதெல்லாம் சொல்லிலேயே கழிவது ஒரு வியப்பு!

இறுதி நாளில் பிரிவுரையும் புகைப்படமும் தாமே அமைந்துவிடும். தொண்டர் ஊர் திரும்பியபின் அவ்வடிகாலை யார் தூர்வாருவது, கருவிகள் யார் பொறுப்பில் இருப்பது என்பதை ஊராரோடு அமர்ந்து பேசி எழுதி வைக்கும் வரையில் ஒருங்கிணைப்பாளரின் பணி முடிவதில்லை.